மூன்று ஊர் கொடுத்த சமாதானம்

எனக்கு எழுத்து நேராக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் இருக்கிறது. முன்பின்னாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரியாலையில் மகள் வீட்டில் இருக்கிறேன். கனடாவில் இருக்கும் மகனும் இங்கே மருமகனும் ஞாயிறு பின்னேரங்களில் கொம்பியூட்டரில் நாடு பிடித்து விளையாடுவார்கள். இரண்டு பேருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. முடிந்ததும் மருமகன் திரையை என் பக்கம் திருப்புவார். பத்து நிமிடம் மகனின் முகம் பார்ப்பேன். மற்ற நாட்களில் போன் எடுத்தால் "வேலையிலை நிக்கிறன் அம்மா" என்று வைத்துவிடுவான். அவன் வருவது நாடு பிடிக்க. போகிற வழியில் தாயையும் பார்த்துப் போவான்.

அந்த விளையாட்டில் கூட்டணி என்று ஒன்று உண்டு. ஒருவன் சண்டை தொடங்கினால் மற்றவன் போயே ஆகவேண்டும். போகாவிட்டால் மரியாதை குறையும். மரியாதைக்கும் புள்ளி போடுகிறார்கள். ஆனால் சமாதானம் பேசுவது சண்டையைத் தொடங்கியவன் மட்டும்தான். கூடப் போய்ச் செத்தவனுக்கு அங்கே உட்காரக் கதிரை இல்லை.

மகன் தொடங்கிய சண்டைக்கு மருமகன் படை முழுவதையும் கொண்டுபோனார். எனக்கு இன்னது வேண்டும் என்று முதலே கேட்கவில்லை. மச்சானிடம் பங்கு கேட்பது அழகில்லையாம். தோற்கிற நேரம் வந்ததும் மகன், மருமகனின் மூன்று ஊர்களை எதிரிக்குக் கொடுத்துச் சமாதானமாகிவிட்டான். தன்னுடையதில் ஒரு முற்றம்கூடக் குறையவில்லை.

"என்ரை ஊரைக் குடுக்க நீ ஆரடா?"

"அத்தான், உங்களைக் காப்பாத்தத்தானே குடுத்தனான்!"

இந்தக் கதையை நான் வேறு ஆட்களின் வாயிலும் கேட்டிருக்கிறேன். சமாதானம் என்று கேட்ட ஒவ்வொரு தரமும் மூட்டை கட்டி ஊரை விட்டு ஓடியவள்.

இரண்டு ஞாயிறு கொம்பியூட்டர் மூடியே கிடந்தது. மகனின் முகமும் இல்லை. மருமகனுக்கு முன்னால் நின்று வாய்திறக்கிற வழக்கம் எனக்கில்லை. மூன்றாம் ஞாயிறு கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று மகளிடம் சொன்னேன்.

"பிள்ளை, அந்த ஊருகளைத் திருப்பி எடுக்கேலாதோ எண்டு அவரைக் கேள்."

மகள் வாய்திறக்க முன்னமே மருமகன் சொன்னார்: "சமாதானம் செய்தால் ஐஞ்சு வருசத்துக்குச் சண்டை பிடிக்கேலாது எண்டு மாமியிட்டைச் சொல்லும்."

"நான் ஐஞ்சு வருசம் இருப்பனோ தெரியாதெண்டு சொல்லு."

மகள் சிரித்தாள். "அம்மா, அது விளையாட்டிலை. எங்கடை கணக்குக்கு அரை மணித்தியாலம்."

"அரை மணித்தியாலத்துக்கோ இரண்டு கிழமை முகத்தை நீட்டிக்கொண்டு திரிஞ்சவர்?"

உள்ளே கொம்பியூட்டரின் மூடி திறந்தது.

"மச்சான், நிக்கிறியோ?"

"ஓம் அத்தான், உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

ஐந்து நிமிடத்தில் புதுக் கூட்டணி. இந்த முறை மருமகன் வெட்கத்தை விட்டு, மூன்று ஊரும் தனக்கென்று முதலே கேட்டுக்கொண்டார். சமாதானத் தவணை முடிந்த கையோடு இருவரும் சேர்ந்து, ஊர்களை வாங்கின அந்த எதிரி மேல் விழுந்தார்கள். பாவம், சமாதானத்தை ஒழுங்காகக் காத்தவன் அவன் ஒருவன்தான். அவன்தான் அழிந்தான்.

திரை என் பக்கம் திரும்பியது. "சாப்பிட்டீங்களோ அம்மா?" என்றான் மகன், கண்ணைப் படையில் வைத்துக்கொண்டு. பத்து நிமிடமும் இருந்து கதைத்தேன். அழிந்தவனுக்காக ஒரு சொல்லும் நான் கேட்கவில்லை.

கூட்டாளியின் ஊரை அவனைக் கேளாமலே கொடுக்க அந்த விளையாட்டில் உண்மையாகவே இடமுண்டா, இல்லை நான்தான் பிழையாக விளங்கினேனா என்று தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள்.