கோட்டு வந்துடுச்சு, ஆள் வரலை

எங்க அண்ணிக்கு அறுபத்தோரு வயசு. காட்டுப்பாதையில, மண்ணுலயும் கல்லுலயும் மோட்டார் பைக் ஓட்டுறாங்க. இதைச் சொன்ன உடனே "அப்படியா? வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்லலையா?"ன்னு சில பேர் கேப்பாங்க பாருங்க, அவங்களைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். வீட்டுல யாருய்யா சொல்லணும்? அந்த வீடே அவங்க சொல்றபடிதான் நடக்குது.

என் அண்ணனும் அண்ணியும் சலவைக்கடை வச்சிருக்காங்க. முன்பக்கம் கவுண்டர், நடுவுல ரெண்டு பெரிய இஸ்திரி மேஜை, பின்பக்கம் துவைக்கிற மிஷின். அண்ணன் கவுண்டர்ல உட்கார்ந்து வர்றவங்ககிட்ட உலகக்கதை பேசுவார். அண்ணி மேஜைகிட்ட நிப்பாங்க. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து நின்னுக்கிட்டேதான் இருக்காங்க. நீராவி புஸ்ஸுன்னு கிளம்பும், இவங்க பாட்டுக்கு பேண்ட்டை உதறிப் போட்டு மடிப்பு எடுத்துக்கிட்டே இருப்பாங்க. ஒரு சட்டையைக் கையில எடுத்தா, காலர் தேஞ்ச விதத்தை வச்சே அது யாரோடதுன்னு சொல்லிடுவாங்க. சீட்டு ஒட்டுறதெல்லாம் அண்ணனோட திருப்திக்கு.

மூணு வருஷம் முன்னாடி அவங்க மகன் வேலை கிடைச்சு வேற ஊருக்குப் போனான். ஆசை ஆசையா வாங்கின டர்ட் பைக்கைக் கடைக்குப் பின்னாடி நிறுத்திட்டு, "வித்துடுங்கம்மா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். ஒல்லியா, உயரமா, டயரெல்லாம் கட்டை கட்டையா இருக்கிற வண்டி. வாங்க ஒருத்தர் வந்தார். "ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க"ன்னார். துணி டெலிவரிக்குப் பழைய கியர் வண்டி ஓட்டின பழக்கம் அண்ணிக்கு உண்டு. கல்லு மேல ஏறி நின்னு, காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்து, ஸ்டார்ட் பண்ணிக் காட்டினாங்க. அப்படியே சந்துல ஒரு சுத்து. அப்புறம் இன்னொரு சுத்து. வாங்க வந்த மனுஷன் வாசல்லயே நின்னு பார்த்துட்டு, "நீங்க இதை விக்க மாட்டீங்கம்மா, எனக்கு வேற வேலை இருக்கு"ன்னு கிளம்பிட்டார்.

அண்ணன் சும்மா விடலை. "இந்த வயசுல விழுந்தா எலும்பு சேராது"ன்னார்.

"நீங்க கவுண்டர்ல தூங்கி விழுந்து மணிக்கட்டை உடைச்சுக்கிட்டீங்களே, அது சேர்ந்துச்சா இல்லையா?"ன்னாங்க அண்ணி.

அண்ணிக்குத் துணையாப் போறேன்னு சொல்லி நானும் ஒரு வண்டி வாங்கினேன். யாருக்கு யார் துணைன்னு மட்டும் கேக்காதீங்க.

இந்த வண்டியில மேட்டுலயும் பள்ளத்துலயும் உட்கார்ந்து போக முடியாது. கால் வைக்கிற கட்டையில எழுந்து நின்னுதான் ஓட்டணும். புதுசா வர்றவங்களுக்கு அரை மணி நேரத்துல தொடை நடுங்கும். எனக்கு இப்பவும் நடுங்குது. அண்ணிக்கு அந்தப் பேச்சே கிடையாது. "எல்லாரும் நிக்கிறதுதான் கஷ்டங்கிறாங்க தம்பி. எனக்கு உட்கார்றதுதான் பழக்கமில்லை"ம்பாங்க.

ஞாயிறு காலையில ஒரு பைக் குழுவோடதான் காட்டுக்குப் போவோம். அதை நடத்துறவர் டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கிறவர். கழுத்துல எந்நேரமும் ஒரு விசில் தொங்கும். அதனால அவருக்குப் பேரே விசில்தான். நல்லா ஓட்டுவார், அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா கோபம் மூக்கு மேல உட்கார்ந்திருக்கும். அண்ணி வேகமாப் போக மாட்டாங்க. விழவும் மாட்டாங்க, நிக்கவும் மாட்டாங்க, அவங்க பாட்டுக்கு வருவாங்க. ரெண்டு தடவை அவங்க வர்ற வரைக்கும் எல்லாரும் தார் ரோட்டுல காத்திருக்க வேண்டியதாயிடுச்சு. அதுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காட்டுக்குள்ள நுழையிறதுக்கு முன்னாடி, எல்லாரையும் வச்சுக்கிட்டு விசில் சொன்னார்:

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இன்னைக்கு ஒரு தடவை உங்களுக்காகக் குழு நின்னாலும், அடுத்த வாரத்துலேர்ந்து நீங்க வர வேண்டாம்."

எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. அண்ணி என் கையை அழுத்திட்டு, "சரிங்க சார்"னு மட்டும் சொன்னாங்க. ஆனா முகம் சுண்டிப் போச்சு. காட்டுக்குள்ள தனியாப் போறதுங்கிற பேச்சே கிடையாது. குழு இல்லைன்னா வண்டி மறுபடியும் கடைப் பின்பக்கம்தான். வாரம் பூரா நீராவியில வேகுற மனுஷிக்கு ஞாயிறு காலை ஒண்ணுதான் மூச்சு விடுற நேரம். அதைப் பிடுங்கிட்டா என்ன இருக்கு, சொல்லுங்க?

குழுவாப் போறதுக்கு ஒரு முறை இருக்கு. முன்னாடி விசில் போவார். பாதை ரெண்டாப் பிரியிற இடம் வந்தா, அவருக்கு அடுத்து வர்றவர் அங்கேயே நின்னு, பின்னாடி வர்ற ஒவ்வொருத்தருக்கும் இந்தப் பக்கம்னு கை காட்டணும். எல்லாருக்கும் கடைசியா ஒருத்தர் கையில்லாத ஆரஞ்சுக் கோட்டு போட்டுக்கிட்டு வருவார். அந்தக் கோட்டைப் பார்த்ததும் நிக்கிறவர் கிளம்பிடலாம். அதுவரைக்கும் இடி விழுந்தாலும் நகரக் கூடாது. அன்னைக்குக் கோட்டு பல் டாக்டர்கிட்ட இருந்துச்சு. குச்சி மாதிரி உடம்பு, ரொம்பக் கூச்ச சுபாவம், வண்டியில மட்டும் கெட்டிக்காரர்.

கண் பார்வையிலேயே இருக்கட்டும்னு விசில் அண்ணியைத் தனக்கு அடுத்ததா வச்சுக்கிட்டார். தண்ணி வத்தின ஓடை ஒண்ணு, முழுக்கக் கல்லு, அதுல ஏறி மேல வந்தா பாதை பிரியுது. அண்ணி அங்கே நின்னு கை காட்ட ஆரம்பிச்சாங்க. நான் மேல வர்றதுக்குள்ள என் வண்டி இஞ்சின் கொதிச்சுப் புகை விட்டுடுச்சு. ஆறட்டும்னு அண்ணி பக்கத்துலயே ஓரமா நிறுத்திட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொருத்தரா வந்தாங்க, போனாங்க. கொஞ்சம் இடைவெளி விட்டு ஆரஞ்சுக் கோட்டு வந்துச்சு.

"அப்பாடா, கிளம்புங்க அண்ணி, நேரத்தோட போயிடலாம்"னேன்.

அண்ணி கிளம்பலை. கோட்டுக்காரரைக் கைகாட்டி நிறுத்தினாங்க. ஹெல்மெட்டைத் தூக்கினா, உள்ளே இருந்தது எங்க குழுவுல வர்ற பேக்கரிக்காரர். தொப்பையும் தொந்தியுமா நல்ல கனமான ஆள்.

"இது உங்க உடம்புக்குப் போட்ட கோட்டு இல்லையே"ன்னாங்க அண்ணி. "பக்கப் பட்டியெல்லாம் டாக்டர் ஒல்லி உடம்புக்கு இழுத்த இடத்துலயே இருக்கு. நீங்க நிதானமாப் போட்டிருந்தா தளர்த்திப் போட்டிருப்பீங்க. டாக்டர் எங்கே?"

குழுவோட கோட்டை வாராவாரம் துவைக்கிறதும் எங்க கடையிலதான், இவங்ககிட்டயா கதை விட முடியும்? பேக்கரிக்காரர் நெளிஞ்சார். "பின்னாடியே வந்துடுவார். நீங்க போங்கண்ணி."

"அவருக்கு என்ன?"

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னார்..."

"சொல்லுங்க."

"வயிறு சரியில்லைங்க. ஓடைக்குக் கீழே நிறுத்திட்டுப் புதர்ப் பக்கம் போனார். தனக்காக அண்ணி வெயில்ல நிக்க வேண்டாம், பேச்சும் வாங்க வேண்டாம்னு, கோட்டைக் கழட்டி என்கிட்டக் கொடுத்துட்டார்."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அண்ணி சிரிக்கலை. "கோட்டு வந்துடுச்சு, ஆள் வரலை. நான் நிக்கிறேன்"னாங்க.

நின்னோம். ஓடைப் பக்கத்துலேர்ந்து இஞ்சின் சத்தமே இல்லை. வயித்து வலிக்காரனுக்கு இவ்வளவு நேரமான்னு எனக்கே ஒரு மாதிரி ஆச்சு. அதுக்குள்ள முன்பக்கத்துலேர்ந்து விசில் புழுதி கிளப்பிக்கிட்டுத் திரும்பி வந்தார்.

"இன்னும் இங்கேயே நிக்கிறீங்க? அதான் கோட்டு வந்துடுச்சே! அங்கே எல்லாரும் காத்துக் கிடக்கிறாங்க."

"டாக்டர் இன்னும் வரலைங்க சார்."

"கோட்டைப் பார்த்தா கிளம்பணும். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? டாக்டருக்கு இந்தக் காடு தண்ணி பட்ட பாடு, அவர் வந்துடுவார். காலையில நான் சொன்னது ஞாபகம் இருக்கில்ல மேடம்?"

"இருக்குங்க."

"இப்பக் கிளம்புறீங்களா இல்லையா?"

"இல்லைங்க சார்."

இவ்வளவுதான். குரலைக்கூட ஏத்தலை. விசில் தலையை ஆட்டிட்டு, "அப்ப இதோட சரி"ன்னு வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டார். எனக்குன்னா ரத்தம் கொதிக்குது, ரெண்டு வார்த்தை நறுக்குன்னு கேக்கலாம்னு எழுந்தா, அண்ணி ஏற்கனவே வண்டியில ஏறியாச்சு. கண்ணு கலங்கியிருந்துச்சு, நான் பார்த்தேன். "பேக்கரி, நீங்க இங்கே நில்லுங்க. நாங்க திரும்பி வராம நகரவே கூடாது. தம்பி, வண்டி ஆறிடுச்சுன்னா வாங்க"ன்னு சொல்லிட்டு ஓடையில இறங்கினாங்க.

அந்தக் கல்லுல ஏறுறது ஒரு பங்கு கஷ்டம்னா இறங்குறது மூணு பங்கு. வேகமா இறங்கலாம்னு நினைச்சா அப்பவே ஆள் காலி. அண்ணி எழுந்து நின்னு, முட்டியை லேசா மடக்கி, ஒரு கல்லு விடாம பார்த்துப் பார்த்து இறங்கினாங்க. நான் பின்னாடியே உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தேன். ரெண்டாவது வளைவுல டாக்டர் கிடந்தார்.

நேரமாயிடுச்சேன்னு அவசர அவசரமா ஏறியிருக்கார். சக்கரம் வழுக்கி, வண்டி அப்படியே இடது கால் மேல சாய்ஞ்சிருக்கு. பூட்ஸ் கல்லுக்கும் வண்டிக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போச்சு. பெட்ரோல் சொட்டு சொட்டா அவர் பேண்ட் மேல வடியுது. ஒரு சாண் தள்ளி சைலன்சர், இன்னும் சூடு ஆறலை.

"அண்ணி, பக்கத்துல வராதீங்க. பெட்ரோல்..."

"வாயை மூடுங்க டாக்டர்"னாங்க அண்ணி. ஊரையே வாயைத் திறக்கச் சொல்ற மனுஷன், டக்குன்னு மூடிக்கிட்டார்.

முதல்ல பெட்ரோல் குழாயைத் திருகி அடைச்சாங்க. அப்புறம் வண்டிக்கு முதுகைக் காட்டி, ஹேண்டில்பாரை ஒரு கையால, சீட்டுக்கு அடியில ஒரு கையால பிடிச்சு, குந்தி, தொடை பலத்துல எழுந்தாங்க. ஈரத் துணிக்கூடையைத் தினமும் அப்படித்தான் தூக்குவாங்க. வண்டி ஒரு முழம் எழும்பிச்சு. நான் டாக்டரைக் கக்கத்துல கை கொடுத்து வெளியே இழுத்தேன். முட்டி வீங்கியிருந்துச்சு, ஆனா காலை ஊன முடிஞ்சுது. தண்ணி குடிச்சுட்டு அந்த மனுஷன் குழந்தை மாதிரி அழுதார்.

கொஞ்ச நேரம் பெட்ரோல் காயவிட்டுட்டுக் கிளம்பினோம். அண்ணி முன்னாடி போய், எந்தக் கல்லு மேல ஏறணும், எதை விட்டு விலகணும்னு வண்டியாலேயே காட்டிக்கிட்டுப் போனாங்க. டாக்டர் அதே தடத்துல வந்தார். மேல பேக்கரிக்காரர் சொன்ன இடத்துலேர்ந்து ஒரு அடி நகரலை. அவரையும் சேர்த்துக்கிட்டுப் போனா, அடுத்த பிரிவுல வெயில்ல ஒத்தை ஆளா விசில் நிக்கிறார். தார் ரோட்டுக்குப் போய்த் தலையை எண்ணியிருக்கார். டாக்டரையும் காணோம், எங்களையும் காணோம்னதும் பயந்துபோய்த் திரும்பியிருக்கார். இதுக்கு மேல உள்ளே வந்தா வழியில மாறிப் போயிடுவோமோன்னு அங்கேயே நின்னுட்டார்.

டாக்டர் காலைப் பார்த்ததும் அவர் முகத்துல ஈயாடலை. நான் சும்மா இருப்பேனா? நடந்ததை ஒண்ணு விடாம, கொஞ்சம் காரமாவே சொன்னேன். "போதும் தம்பி"ன்னாங்க அண்ணி.

"கோட்டைப் பார்த்தா கிளம்பணும்னு சொல்லிக் கொடுத்ததே நான்தான்"னார் விசில். "அந்த முறையைப் போட்டப்போ, அதைக் கழட்டி இன்னொருத்தர்கிட்டக் கொடுப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்லை மேடம்."

"எனக்குத் தோணும் சார். ஆள் இல்லாத துணியை மடிச்சு வைக்கிறதுதானே என் பொழப்பே."

விசில் ஹெல்மெட்டைக் கழட்டினார். "மன்னிச்சுக்குங்க"ன்னார். அப்புறம், "நீங்க முன்னாடி போங்க"ன்னு பாதையை விட்டு ஒதுங்கி நின்னார்.

"டாக்டருக்கு வலிக்கும். நான் மெதுவாத்தான் போவேன்."

"எப்படிப் போறீங்களோ அப்படிப் போங்க. நாங்க வர்றோம்."

தார் ரோடு வரைக்கும் அண்ணி முன்னாடி, டாக்டர் அடுத்து, விசில் எங்க எல்லாருக்கும் பின்னாடி புழுதியைத் தின்னுக்கிட்டு வந்தார். அங்கே மரத்தடியில உட்கார்ந்திருந்தவங்க எழுந்தாங்க. அதுல ஒருத்தர், விஷயம் தெரியாம, "என்ன சார், மறுபடியும் அண்ணிக்காகத்தான் இவ்வளவு நேரம் நின்னோமா?"ன்னு சிரிச்சார்.

"இல்லை. அவங்கதான் நமக்காக நின்னாங்க"ன்னார் விசில்.

அந்த ஆள் டாக்டர் காலைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், சிரிப்பு அடங்கிடுச்சு. விசில் அண்ணிகிட்ட வந்து, "அடுத்த ஞாயிறு எங்கே போகலாம் மேடம்?"னு கேட்டார்.

அண்ணி கையுறையைக் கழட்டி, உதறி, நாலா மடிச்சுப் பையில வச்சாங்க. "ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு மேடு இருக்கு சார்"னாங்க. "நான் இன்னும் ஏறினதில்லை."