கதவைத் திறக்காத கணினி

எழுதும் அளவுக்கு எனக்குப் படிப்பு கிடையாது. பதினேழு வயதில், ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை விட்டு நின்றவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள், நாலு பேர் படிக்க எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அடுக்குமாடி வீட்டு கேட் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்த வேலையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாயால் சொல்வதைவிட இது சுலபமாக இருக்கிறது.

முதலில் ஒரு டிவி கதையைச் சொல்ல வேண்டும். கிள்ளானில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்தது. ஆங்கிலத் தொடர், கீழே மலாய் எழுத்து ஓடும். ஏதோ ஒரு கிரகத்தில் எல்லோரும் ஒரே கட்டடத்துக்குள் வாழ்கிறார்கள். சோறு, விளக்கு, கதவு எல்லாம் ஒரு கணினியின் பொறுப்பு. ஒருநாள் அது, "வெளியே ஆபத்து, இனி யாரும் போகக் கூடாது" என்று எல்லாக் கதவுகளையும் பூட்டிவிடுகிறது. கதாநாயகன் அதனுடன் வாதாடிக்கொண்டே இருக்கிறான். என் அண்ணன்மார் தலையணையைக் கட்டிக்கொண்டு, "ஒடைடா அத!" என்று கத்தினார்கள்.

நான் மட்டும் கணினியின் பக்கம். சாப்பாடு சுவர் வழியாக வந்துவிடுகிறது. யாரையும் பார்க்கப் போக வேண்டாம், யாரும் வந்து "என்ன படிக்கிற?" என்று கேட்க மாட்டார்கள். இதில் என்ன குறை என்று எனக்குப் புரியவில்லை. வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நாங்கள் பூச்சோங்கில் இருக்கிறோம். என் கணவர் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறார். பாத்திரம் கழுவும்போது நான் முணுமுணுப்பதைக் கேட்டுக்கேட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பாட்டு ஆசிரியையிடம் என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

"இந்த வயசுல பாட்டா? எல்லாம் சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும்லா. நான் லோரியில ரிவர்ஸ் எடுக்கறப்ப சிரிக்காதவங்களா?"

அந்த ஆசிரியை புதியவர்களை விஜயதசமி அன்று மட்டும்தான் சேர்ப்பார், அதுவும் காலை பத்து மணிக்குள். தவறினால் அடுத்த விஜயதசமிதான். இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

முதல் நாள் மாலை ஆயுத பூஜைக்குக் காருக்குப் பூஜை போட்டோம். காலையில் நாலு எலுமிச்சம்பழத்தையும் நசுக்கிக்கொண்டு கார் கிளம்பியது. அவர் வேட்டி கட்டியிருந்தார். நான் பட்டுச் சேலையில்.

கேட்டில் கார் நின்றது. முன்பெல்லாம் காவலர் அங்கிள் பொத்தானை அமுக்குவார். இந்த வருஷம்தான் கணினி வைத்தார்கள். கம்பத்தில் இருக்கும் கேமரா கார் எண்ணைப் பார்க்கும், கணினி சரிபார்க்கும், தடுப்புக்கட்டை தானாக மேலே போகும். அன்று போகவில்லை. ஒரு பெண் குரல் மலாயில், மிக மரியாதையாக, உங்கள் வாகனம் பதிவில் இல்லை என்றது.

"நேத்து இருந்துச்சே!" என்றார் இவர்.

பதிவில் இல்லை என்றது அது.

இவர் இறங்கிப் போய் கம்பத்தின் முன் நின்றார். "நான் எட்டு வருஷமா இங்க இருக்கேன். நீ வந்து எத்தன மாசம் ஆச்சு?"

பின்னால் ஹாரன் சத்தம். வரிசை லிப்ட் வரைக்கும் வந்துவிட்டது. காவலர் அங்கிள் கையைப் பிசைந்தார். "கட்டைய கையால திறக்கிற சாவி ஆபிஸ்ல இருக்குப்பா. இன்னிக்கு ஞாயித்துக்கிழம, பூட்டிட்டாங்க."

"கட்டைய தூக்குங்க பாஸ்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஒடஞ்சா காசு நீ கட்டுவியா?" என்றார் அங்கிள்.

நான் காருக்குள் உட்கார்ந்து, உண்மையைச் சொன்னால், அந்தக் கணினிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. இன்னும் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தால் போதும், ஒரு வருஷம் தப்பித்தேன். ரயிலில் போகலாம் என்ற யோசனை இவருக்கு வரவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அப்போதுதான் கேமராவைப் பார்த்தேன். அதன் கண்ணாடிக்கு நட்டநடுவில் வெள்ளிக்காசு அளவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். காவலர் அங்கிள் காலை வேலைக்கு வந்ததும், ஒரு நாள் தாமதமானாலும், தன் பங்குக்குத் தன் ஆயுதத்துக்குப் பொட்டு வைத்திருக்கிறார். வேறு எங்கே வைப்பார்? முகம் என்று அதற்கு இருப்பது அந்த ஒரு கண்ணாடிதான்.

வேறு யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் தடுப்புக்கட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இவர் இன்னும் அந்தக் குரலோடு வாதாடிக்கொண்டிருந்தார். "இங்க பாரு, என் வொய்ப் இன்னிக்கு பாட்டு படிக்கப் போவுது. பத்து மணிக்குள்ள போவணும். புரியுதா?" வேட்டி ஒரு பக்கம் அவிழ ஆரம்பித்திருந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டி, ஓர் இரும்புக் கம்பத்திடம் எனக்காகக் கெஞ்சுகிற மனிதர்.

கார் கண்ணாடியை இறக்கினேன்.

"ஏங்க! அதுக்குக் கண்ணு தெரியல! பொட்ட தொடைங்க!"

அத்தனை கார்களுக்கும் கேட்டது. அவ்வளவு சத்தம் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது.

அங்கிள் ஓடிவந்து தோள் துண்டால் துடைத்தார். துடைத்துவிட்டு, "கோச்சுக்காத சாமி" என்று கும்பிட்டும் வைத்தார். கட்டை மேலே போனது. பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள்.

"இந்தக் குரல வச்சிகிட்டா பயந்த?" என்றார் இவர் வழி நெடுக.

பத்துக்குக் கொஞ்சம் முன்னால் படியேறினோம். ஆசிரியை யாழ்ப்பாணத்துக்காரர். "வாங்கோ, இருங்கோ. ஏன் இப்படி வேர்க்குது?" என்றார். சுற்றிலும் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு என் மகள் வயதுகூட இருக்காது. "பயப்பிடாதேங்கோ. ஒரு 'ச' மட்டும் பாடுங்கோ."

பாடினேன். யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியை மட்டும், "இன்னும் கொஞ்சம் மெதுவாய்" என்றார்.

மறுநாள் கேட் வழக்கம்போல் திறந்தது. எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.