மூன்றாவது விரல் இல்லாத புத்தகம்

பத்தாவது வரை படித்தவள் நான். சங்கீதத்தைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் டபுள் பேஸ், அதாவது நிற்கவைத்து வாசிக்கும் பெரிய வயலின் போன்ற வாத்தியம், கற்கிறாள். நேற்று அவளுடைய பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டினேன். சுரங்களுக்கு மேல் விரல் எண்கள் இருந்தன: ஒன்று, இரண்டு, நான்கு. மூன்று எங்குமே இல்லை. அப்பாவின் கோபம் நினைவுக்கு வந்துவிட்டது.

அப்பா மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார். கள்ளக்குறிச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவுக்கு டபுள் பேஸ் வாசிக்க ஆள் தேவைப்பட்டது. குழுத் தலைவர் ஆளுயர வாத்தியத்தையும் இதே போன்ற ஒரு புத்தகத்தையும் கொடுத்து, கற்றுக்கொண்டு வரச் சொன்னார். அவருடைய தம்பியும் அந்த இடத்துக்குப் பழகிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, மூணாவது வெரலயே காணோம்," என்றார் அப்பா, அம்மாவிடம். "நான் கத்துக்கினா அவன் தம்பிக்கு எடம் போயிடும்னு மறைச்சிட்டான்."

"கொழம்புல உப்பு போட்டாகூட உங்களுக்குச் சந்தேகம்தாங்க!"

பழைய புத்தகக் கடையில் தேடி, நான்கு விரலும் உள்ள வேறொரு புத்தகம் வாங்கிவந்தார். கதவைச் சாத்திக்கொண்டு பழகுவார். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் அதிரும்.

கச்சேரிக்கு முந்தின நாள் தலைவரிடம் வாசித்துக் காட்டப் போனார். நானும் போனேன். ஒவ்வொரு சுரமும் சுருதி விலகி விழுந்தது. தலைவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். "இது செல்லோவுக்குப் போட்டதுண்ணே, அது சின்ன வாத்தியம். இதுல சுரத்துக்குச் சுரம் எட்டம் ஜாஸ்தி, கம்பியும் தடி. மூணையும் நாலையும் சேத்துதான் அமுக்கணும், அதான் நாலுன்னு மட்டும் போட்டிருக்கும்."

"இத மொதல்லயே இன்னாத்துக்குச் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லியே."

திரும்பும் பஸ்ஸில் அப்பா மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்துச் சேர்த்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் ரிஷிவந்தியத்தில் கல்யாணக் கச்சேரி நடந்தது. தலைவரின் தம்பி டபுள் பேஸ் வாசித்தார்.