தீபாவளிப் புகையில் மீண்ட மூச்சு

அன்பான சபையாருக்கு, என் மனைவி எஸ்தர் மூச்சுவிட முடியாமல் என் கண் முன்னால் தவித்த ஒரு மாலையைப் பற்றி எழுதுகிறேன். ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது. நான் விரும்பிய வழியில் கிடைக்கவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எஸ்தருக்குப் பல வருடங்களாக ஆஸ்துமா. நாங்கள் இருப்பது ராஜா அண்ணாமலைபுரத்தில், முதல் மாடியில். தீபாவளி வந்தால் எனக்குப் பயம் வந்துவிடும். கடந்த தீபாவளிக்கு முந்தின வாரம் முழுவதும் மழைக்காக ஜெபித்தேன். மழை பெய்தால் புகை அடங்கும் அல்லவா? ஒரு தூறல்கூட விழவில்லை.

மேல்வீட்டு சாமுவேலை உங்கள் எல்லோருக்கும் தெரியும். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். சாட்சி நேரத்தில் முதலில் எழுந்து நிற்பவர் அவர்தான். முழங்கால் வலிக்காக ஜெபித்தார், வலி போயிற்று. மகளுக்கு வரன் கேட்டார், அந்த மாதமே அமைந்தது. தொலைந்த பீரோ சாவிக்குக்கூட ஜெபித்துக் கண்டுபிடித்தார். எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்கு நிம்மதி இல்லை. அந்தத் தீபாவளிக்கு முந்தின ஒரு வருடத்தில் அவர் சொன்ன சாட்சிகள் பதினான்கு. நான் சொன்னது ஒன்றுகூட இல்லை. நாற்பது வருடமாக விடியுமுன் எழுந்து முழங்கால்படியிடுகிறவன் நான். அவர் எழுந்து காப்பி குடிக்கவே எட்டு மணி ஆகும். ஆண்டவர் ஏன் அவருக்கு மட்டும் உடனே செவிகொடுக்கிறார் என்று எனக்கு வயிறு எரியும். அவர் சாட்சி சொல்ல எழுந்தால் நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

தீபாவளி அன்று மாலை, இருட்டுவதற்கு முன்பே தெருவில் வெடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஒன்பது ஜன்னல்களையும் சாத்தினேன். கதவு இடுக்கில் ஈரத் துண்டைச் சுருட்டி வைத்தேன். புகை நுழைய ஒரு வழியும் விடவில்லை என்று எனக்குப் பெருமை. ஆனால் சாத்துவதற்குள் கொசு உள்ளே வந்துவிட்டது. எஸ்தரைக் கடிக்குமே என்று கட்டிலுக்கு அடியில் ஒரு கொசுவத்தியை ஏற்றி வைத்தேன்.

சிறிது நேரத்தில் அவளுக்கு இழுப்பு தொடங்கியது. டாக்டர் கொடுத்திருந்த ஸ்ப்ரேயை அடித்தேன். கேட்கவில்லை. மறுபடியும் அடித்தேன். மூச்சு ஒரு நிமிடத்துக்கு இருபத்தைந்தைத் தாண்டினாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் போனாலோ வீட்டில் காத்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். இருபத்தெட்டு.

"மேல்வீட்டு... பிரதரை... கூப்பிடுங்க" என்றாள்.

சபையாரே, அந்த வார்த்தை என்னைக் குத்தியது. நாற்பது வருடம் கூட இருந்தவளுக்கே என் ஜெபத்தில் நம்பிக்கை இல்லையா? "இதோ" என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய் முழங்கால்படியிட்டேன். "ஆண்டவரே, இந்த ஒரு தடவை என் குரலைக் கேளும். அவர் வேண்டாம்" என்று கெஞ்சினேன். திரும்பி வந்து எண்ணினேன். முப்பத்திரண்டு. அவள் உதடு வெளுத்திருந்தது. நின்றபடியே, "யார் மூலமாகவாவது செய்யும் ஆண்டவரே, எனக்கு இவள் வேண்டும்" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் ஓடினேன்.

சாமுவேல் லுங்கியோடு இறங்கி வந்தார். படுக்கையறை வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தார்.

"இன்னா அண்ணே பண்ணி வெச்சுக்கீறீங்க? வெளிய புகைன்னு எல்லாத்தையும் சாத்திட்டு, உள்ள கொசுவத்தி கொளுத்தினா? அக்காவை இன்னா, கொசுன்னு நினைச்சுட்டீங்களா?"

கொசுவத்தியை எடுத்துக் குளியலறை வாளியில் போட்டார். "ஜெபம் பண்ணுங்க பிரதர்" என்றேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன்.

"அதை வண்டில பண்ணிக்கலாம். நீங்க அந்த நாற்காலிக் காலைப் புடிங்க."

எஸ்தரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முகக்கவசம் மாட்டி, இருவருமாகத் தூக்கிக் கீழே கொண்டுவந்தோம். சாமுவேலின் கார் வாசலில் நின்றது. தெருவில் எதிர்வீட்டுக்காரர்கள் குறுக்கே சரவெடியைப் பரப்பி, பற்றவைக்கத் தயாராக நின்றார்கள்.

"மூச்சு திணறுது, கொஞ்சம் நில்லுப்பா!" என்று சாமுவேல் கத்தினார்.

"டேய், ஊதுவத்தியை அணைடா! நீங்க போங்க மாமா, இனிமே இன்னிக்கு நம்ம வீட்டாண்ட வெடி கெடையாது" என்று சொல்லி, சரத்தைக் காலாலேயே ஓரம் தள்ளினார் எதிர்வீட்டுக்காரர். அவர் எங்கள் விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்ல. அவருக்கும் நன்றி சொல்லுகிறேன்.

காரில் சாமுவேல் ஜெபித்தார். "ஆண்டவரே, சிக்னல்ல நிக்க வெச்சிடாதீங்க." அவ்வளவுதான். வழியில் இரண்டு சிக்னல். இரண்டும் பச்சை. சொல்லக் கூசுகிறது, அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமை வந்தது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, மூக்கு வழியாக மருந்துப் புகை கொடுத்தார்கள். அடைத்த அறையில் ஒரு கொசுவத்தி எவ்வளவு கெடுதல் என்று டாக்டர் என்னைக் கண்டித்தார். தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து எஸ்தர் ஒரு முழு வாக்கியம் பேசினாள். "வீட்டைப் பூட்டினீங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மனத்தில் இருந்ததையும் கேட்டுவிட்டேன். "என் ஜெபம் பத்தாதுன்னுதானே அவரைக் கூப்பிடச் சொன்னே?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். "ஜெபத்துக்கா? ஜெபம்தான் நீங்க பண்றீங்களே. அவர்கிட்டதாங்க கார் இருக்கு."

நான் கேட்ட உதவி என் தலைக்கு மேலேயே குடியிருந்திருக்கிறது. படியேற மனமில்லாமல் நான்தான் தாமதம் செய்தேன். அந்தத் தாமதத்தில் அவளை இழந்துபோகாமல் காத்த ஆண்டவருக்குக் கோடி ஸ்தோத்திரம்.

எங்கள் வீட்டில் இப்போது கொசுவத்தி இல்லை, வலைதான். பண்டிகை வருவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து மருந்தைச் சரிபார்க்கிறோம். பட்டாசு நாட்களில் எங்கள் வீட்டின் இன்னொரு சாவி சாமுவேலிடம் இருக்கிறது. பொறாமை முழுவதும் போய்விட்டது என்று பொய்ச் சாட்சி சொல்ல மாட்டேன். போன மாதமும் அவர் எழுந்து நின்றார். ஆனால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டேன்.

வீட்டில் மூச்சுக்குத் தவிப்பவர் உள்ளவர்களே, நம்பி ஜெபியுங்கள். ஜெபித்த கையோடு எழுந்து போய்ப் பக்கத்துக் கதவைத் தட்டுங்கள். அது உங்களுக்குப் பிடிக்காதவர் வீட்டுக் கதவாக இருந்தால், இன்னும் சீக்கிரமாகத் தட்டுங்கள்.