அத்தான் ஒட்டிய சீல்

என் அக்கா வீட்டில் டீத்தூள் தீர்ந்து நான் பார்த்ததில்லை. ஷாம்பும் தீராது, துணி துவைக்கிற திரவமும் தீராது. எப்போது போனாலும் பெரிய கம்பெனி டப்பாக்கள் அலமாரியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். அத்தானுக்கு அச்சகத்தில் ஓவர்டைம் நின்று ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அந்தப் பணத்தில்தான் வீட்டில் பாதி ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை.

"எப்படி அத்தான் சமாளிக்கிறீங்க?" என்று கேட்டால், "எல்லாம் கைப்பக்குவம்தான் மச்சான்" என்று கண்ணைச் சிமிட்டுவார்.

அத்தான் லேபிள் அச்சடிக்கிற கூடத்தில் மெஷின் ஓட்டுகிறவர். பாட்டிலில் ஒட்டுகிற ஸ்டிக்கர், டப்பாவைச் சுற்றுகிற தாள், மூடிக்கு அடியில் வருகிற வெள்ளிப் படலம், எல்லாம் அங்கேதான் உருவாகும். யார் வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாக ஏதாவது ஒரு பாட்டிலைக் கையில் எடுத்து, லேபிளின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்ப்பார். மருந்துக் கடையில் இதைச் செய்து ஒருமுறை கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். பேச்சில் சாது. பேருந்தில் இடம் கிடைத்தால்கூட யாரிடமோ பறித்துவிட்ட மாதிரி ஓரமாகத்தான் உட்காருவார்.

அவர் சின்னப் பையனாக இருந்தபோது அவருடைய அப்பாவுக்கு வேலை போயிற்று. அப்பா வீட்டுச் செலவில் ஒவ்வொன்றாக நிறுத்தினார். நிறுத்தியதோடு விடாமல், எல்லாரும் சாப்பிட உட்காரும்போது அதை அறிவிப்பாராம். "இனிமே பால் கிடையாது." "இனிமே பேப்பர் கிடையாது." தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டதை அத்தான் மறக்கவே இல்லை. தன் வீட்டில் செலவைக் குறைக்கவேண்டி வந்தபோது அவர் எடுத்த முடிவு ஒன்றுதான்: குறைப்பது யாருக்கும் தெரியக்கூடாது.

அச்சகத்துக்குப் பின்னால் ஒரு மொத்தக் கடை இருக்கிறது. மூட்டையிலிருந்து அள்ளி, பச்சை நிறப் பிளாஸ்டிக் பையில் நிறுத்துக் கொடுப்பார்கள். டீத்தூள், சோப்புத் திரவம், கேனிலிருந்து ஊற்றித் தருகிற ஷாம்பு, எல்லாம் பெரிய கம்பெனி விலையில் பாதிகூட இருக்காது. சனிக்கிழமை காலையில் அக்கா ஆபீசுக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் போனபிறகு, அத்தான் பழைய டப்பாக்களைக் கழுவித் துடைத்து நிரப்புவார். டீத்தூளில் நிறம் ஒத்துவருகிற ரகமாகத் தேடி எடுப்பார்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் இதை நான் எழுதவேண்டி வந்திருக்காது. தொழில்காரர் கை சும்மா இருக்குமா? அச்சகத்தில் கழிவாக வந்த வெள்ளிப் படலத்தை வட்டமாக வெட்டி, டப்பாவின் வாயில் வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டு, அயர்ன் பாக்ஸால் அழுத்தி எடுப்பார். அசல் சீல். பிரிக்கும்போது அந்த 'டப்' சத்தம்கூட வரும். அக்கா பிரித்து, "புது டப்பாவோட வாசனையே தனி" என்று சொல்லும்போது அத்தான் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொள்வாராம். மகளோ இன்னும் ஒரு படி மேலே. "இந்த ஷாம்பு மட்டும்தான்ப்பா என் முடிக்கு ஒத்துக்குது. தயவுசெஞ்சு மாத்திடாதீங்க."

அந்தக் காலமெல்லாம் அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார் என்று நினைக்கிறேன்.

அக்கா ஒரு காப்பீட்டு ஆபீசில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். அங்கே டீ போடுவதற்கு ஓர் அம்மா உண்டு. பிரிவில் உள்ளவர்கள் முறை வைத்து டீத்தூள் வாங்கித் தருவார்கள். அக்காவின் முறை வந்தது. கடைக்குப் போக நேரமில்லாமல், வீட்டு அலமாரியிலிருந்து சீல் பிரிக்காத ஒரு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். அத்தான் அப்போது வேலைக்குக் கிளம்பிவிட்டிருந்தார்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். அக்கா செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க ஆபீஸ் டீக்காரம்மா பண்ண வேலையைக் கேட்டீங்களா?"

விஷயம் இதுதான். அக்காவின் பிரிவில் ஒருவரை எல்லாரும் மூக்கு சார் என்பார்கள். எந்த டீயையும் மோந்து பார்த்துத்தான் குடிப்பார். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "டப்பாவுல இருக்கிற பேரு வேற, உள்ள இருக்கிற தூள் வேற" என்று சொல்லிவிட்டார். அக்காவுக்குச் சுருக்கென்றது. தான் மட்டமான தூளை வாங்கி வந்துவிட்டதாக நாலு பேர் நினைப்பார்களே!

"நான் சீல் பிரிக்காம குடுத்த டப்பா. நம்ம வீட்டுல பிரிக்கிறப்ப ஒரு நாளாவது இப்படி இருந்திருக்கா? அப்போ அங்க வந்தப்புறம்தானே மாத்தியிருக்கணும்? பையைத் திறங்கன்னு சொன்னேன். அந்தம்மா மாட்டேன்னாங்க. விடுவேனா? திறக்க வெச்சேன்."

"எல்லார் முன்னாடியுமா?" என்று கேட்டாள் மகள்.

"பின்ன? உள்ள பச்சைப் பையில டீத்தூள் பொட்டலம். மூக்கு சார் ரெண்டையும் மோந்து பார்த்துட்டு, ரெண்டும் ஒரே தூள்னு சொல்லிட்டார். அந்தம்மா, 'இது என் வீட்டுக்கு நான் வாங்கினது'ன்னு ஒரே அழுகை. மேனேஜர் நாளையிலேருந்து வரவேணாம்னு சொல்லிட்டார்."

டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தான் தட்டில் கை வைத்தபடி இருந்தார். "பச்சைப் பையா?"

"ஆமா. உங்க அச்சகத்துக்குப் பின்னாடி ஒரு கடை இருக்கே, அங்க தர்ற பை மாதிரிதான் இருந்துச்சு."

"பாவம்மா," என்றாள் மகள். "கொஞ்சம் டீத்தூளுக்குப் போயி."

"கொஞ்சமா இருந்தா அது திருட்டு இல்லையா?"

அத்தான் எழுந்து கை கழுவப் போனார். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. தண்ணீரை வீணாக்குகிற ஆள் இல்லை அவர்.

மகள் பக்கத்து வீட்டுத் தோழியோடு படிக்கக் கிளம்பினாள். அவள் படியிறங்குகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, அத்தான் அக்காவைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். ஹாலில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது. முதலில் அத்தான் முணுமுணுக்கிற சத்தம். அப்புறம் மூடிகள் ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தம்.

"இதுவுமா?"

"ம்."

"இது?"

"அதுவும்தான்."

"உப்பாவது உப்புதானா?"

"உப்பு நிஜம்தான்," என்றார் அத்தான், பரீட்சையில் ஒரு கேள்விக்காவது விடை தெரிந்த பையனைப் போல.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நான் குடிச்சிருக்க மாட்டேனா?"

"குடிச்சிருப்ப. ஆனா முகம் வாடிப்போயிருக்கும்."

"யார் முகம்?" என்றாள் அக்கா.

அக்கா கெட்டிக்காரி. கொஞ்ச நேரத்தில் ஹாலுக்கு வந்து, சோபா உறையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டே ஒரு வழி சொன்னாள். "கடைக்காரன் போலி டப்பாவை வித்துட்டான், நாங்களும் ஏமாந்துட்டோம்னு சொல்லிடலாம். அந்தம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைச்சிடும். நமக்கும் தலைகுனிவு இல்ல. என்னடா?" என்று என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அத்தான் தலையாட்டினார்.

மறுநாள் ஆபீசில் நடந்ததை அத்தான் வாயாலேயே கேட்டேன். மேனேஜர் அறையில் அக்காவும் மூக்கு சாரும் இருந்தார்கள். அத்தான் ஒப்பித்தார்: கடையில ஏமாத்திட்டாங்க சார்.

மேனேஜர் விறைத்து உட்கார்ந்தார். "எந்தக் கடை? பேரைச் சொல்லுங்க. இவனுங்களைச் சும்மா விடக்கூடாது. எனக்கு ஆள் இருக்கு." கை போனுக்குப் போய்விட்டது.

கடை என்றால் கல்லாவில் ஒருவர் இருப்பார், அலமாரி அடுக்குகிற ஒருவர் இருப்பார், யாராவது ஒருவருடைய பையைத் திறக்கச் சொல்வார்கள். அதுதான் அத்தான் கண் முன்னால் வந்ததாம்.

"கடை இல்ல சார். நான்தான்."

"நான்தான்னா?"

முதலிலிருந்து சொல்லவேண்டியதாயிற்று. மூட்டைத் தூள், பழைய டப்பா, வெள்ளிப் படலம், அயர்ன் பாக்ஸ். அயர்ன் பாக்ஸ் வந்ததும் மேனேஜர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "அயர்ன் பாக்ஸா! பெரிய ஆளு சார் நீங்க!" மூக்கு சார் சிரிக்கவில்லை. "சீல் சுத்தமா இருந்துச்சு. அதுல எனக்குச் சந்தேகமே வரல" என்றார். அக்கா மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திட்டியிருந்தா தாங்கியிருப்பேன் மச்சான்," என்றார் அத்தான் என்னிடம். "பாராட்டிட்டாங்க."

மேனேஜர் அந்த அம்மாவுக்குப் போன் செய்து, திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார். அவரைப் பொறுத்தவரை அத்தோடு முடிந்தது. அக்காவுக்கு முடியவில்லை. "திறக்க வெச்சது நான்" என்று அன்று பலமுறை சொல்லிவிட்டாள். விலாசம் வாங்கிக்கொண்டு இருவரும் சாயங்காலமே அந்த அம்மா வீட்டுக்குப் போனார்கள்.

மூன்றாவது மாடி. கதவு பாதிதான் திறந்தது. அந்த அம்மா வெளியே ஒரு கால், உள்ளே ஒரு கால் வைத்து நின்றார்.

"உள்ள வாங்கன்னு சொல்ல முடியாது. பொண்ணு இருக்கா. லீவு போட்டிருக்கேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அக்கா மன்னிப்பு என்று ஆரம்பித்தாள். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேலைக்கு வருவேன். வராம எப்படி? ஆனா இனிமே பை எடுத்துட்டு வர மாட்டேன்மா. உள்ள இருக்கிறது வெளியே தெரியிற கவர்லதான் என் சாமானைக் கொண்டுவருவேன். உங்களுக்கும் திறக்கச் சொல்ற சிரமம் இல்ல."

அத்தான்தான், "தப்பு என்னோடது. அவளுக்கே தெரியாது" என்றார்.

"வீட்டுல இருக்கிறவங்களுக்கே தெரியாம என்ன சார் அப்படி ஒரு சிக்கனம்?"

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "யாரும்மா?" என்றது.

"யாரோ வழி கேக்குறாங்க," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டார்.

இருவரும் பேருந்தில் திரும்பி வந்தார்கள். வீட்டில் நானும் மகளும் காத்திருந்தோம். அவளிடம், டீக்காரம்மா விஷயமாக அப்பாவும் அம்மாவும் வெளியே போயிருக்கிறார்கள் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

"அந்தம்மா நிஜமாவே எடுத்தாங்களாப்பா?" என்று வாசலிலேயே கேட்டாள்.

அக்கா நேரே உள்ளே போய்விட்டாள். அத்தான் செருப்பைக் கழற்றாமலே நின்றார். வழி கேட்டு வந்தவராக அந்தக் கதவருகே நின்றது அவர் மனதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கவேண்டும். "இல்லடா. அவங்க எடுக்கல," என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். சின்ன வயதில் அவர் கேட்ட அறிவிப்புகளை விட இது நீளமாக இருந்தது.

மகள் அலமாரியைப் பார்த்தாள். பிறகு குளியலறைப் பக்கம் பார்த்தாள்.

"ஷாம்புமாப்பா?"

அத்தான் தலையசைத்தார்.

அவள் பின்னலை முன்னால் இழுத்து, நுனியை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். நல்ல வாசனையாகத்தான் இருந்திருக்க வேண்டும். முகம் சுளிக்கவில்லை.

"நல்லாத்தானே இருக்கு. அப்புறம் ஏம்பா ஒளிச்சு வெச்சீங்க?"

அத்தான் அலமாரியிலிருந்து டீத்தூள் டப்பாவைக் கையில் எடுத்திருந்தார். ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. லேபிளின் ஓரத்தை நகத்தால் நெருடிக்கொண்டே நின்றார். அது அவர் மெஷினில் ஓடிய லேபிள்தான். நன்றாக ஒட்டியிருந்தது. எவ்வளவு நெருடியும் கிளம்பி வரவில்லை.