சனி வாங்கிய மோதிரம்

கேசட்டைப் போட்டதும், முதல் பாட்டு வருவதற்கு முன்னால், வெந்நீர் கொதிக்கப் போவதுபோல ஓர் "உஸ்" சத்தம் வருமே, அதை இன்றைக்கு எங்கே கேட்டாலும் எனக்கு எங்கள் பழைய காரின் பின் சீட்டில், சனிக்கிழமைக் காலை வெயில் கண்ணில் குத்த, நீச்சல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோலவே இருக்கும். முன் சீட்டில் ஹெதர் இருப்பாள். அது என்னுடைய சீட்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் ஹெதரும் அவள் அம்மாவும் இருந்தார்கள். அவள் அப்பா வேறு ஊரில் வேறு குடும்பமாகிவிட்டிருந்தார். அவள் அம்மா சனிக்கிழமையும் வேலைக்குப் போவார் என்பதால் என்னோடு அவளையும் நீச்சல் வகுப்புக்கு எங்கள் அப்பாதான் கூட்டிப்போனார். பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்று சொல்லி முதல் நாளே அவள் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். "பாவம், அப்பா பக்கத்துல இல்லாத புள்ள" என்பார் என் அம்மா. பாவம்தான். அதற்காக என்னுடைய அப்பாவை எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் என் கேள்வி.

அப்பா பொள்ளாச்சிக்காரர், பேச்சு குறைவு. வாரநாட்களில் நாங்கள் எழுவதற்கு முன்பே நியூயார்க் ரயிலைப் பிடிக்கப் போய்விடுவார். திரும்பி வந்தால் பேப்பர், சாப்பாடு, தூக்கம். நானும் தம்பியும் டிவி ரிமோட்டுக்காக அடித்துக்கொள்ளும்போது மட்டும் மாடியிலிருந்து "சத்தம் போடாதீங்கடா" என்று ஒரு குரல் இறங்கி வரும், கடைசி "டா" மட்டும் ரப்பர்போல நீளும். எங்களுக்குக் கிடைத்த அப்பா அவ்வளவுதான்.

அந்த மனிதர் ஹெதரிடம் வாய் ஓயாமல் பேசினார். அதற்குக் காரணம் ஓர் இங்கிலாந்து "பேண்டு", அதாவது பாட்டுக் கோஷ்டி. பெயர் டேம்ப் டவல்ஸ். அம்மா அதைத் தமிழாக்கி "ஈரத்துண்டு கோஷ்டி" என்று வைத்திருந்தார். அப்பா எழுபதுகளின் கடைசியில் வட இங்கிலாந்தில் ஒரு மில் நகரத்தில் இன்ஜினியரிங் மேற்படிப்பு படித்தவர். அதே ஊரில் அந்தக் காலத்தில் கிளம்பிய கோஷ்டி அது. வாசிக்கத் தெரியாத நான்கு பையன்கள் சேர்ந்து "பங்க்" என்ற காட்டுக்கத்தல் இசையில் ஆரம்பித்தார்களாம். பாடகன் குளியல் தொப்பி போட்டுக்கொண்டு கத்துவான், டிரம் வாங்க வழியில்லாதவன் பிஸ்கட் டின்னைத் தட்டுவான், உட்கார்ந்து கேட்கலாம் என்று நாற்காலியை இழுப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும். பிறகு எலக்ட்ரானிக் கீபோர்டு வந்தது, பாட்டு மோஸ்தர் "நியூ வேவ்" என்று மாறியது. அதே பையன்கள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, ஒருவன் மேடையிலேயே எல்லோர் சட்டைக்கும் இஸ்திரி போட, மற்றவர்கள் வாசித்தார்கள். ஒரே ஒருமுறை டிவியில் வாய்ப்புக் கிடைத்தபோது பாடகன் மேடையில் படுத்துத் தூங்குவதுபோல நடிக்கப்போய் நிஜமாகவே தூங்கிவிட்டான். அப்புறம் அந்த இஸ்திரி மேஜை யாருக்குச் சொந்தம் என்று சண்டை வந்து பிரிந்தார்கள்.

இதையெல்லாம் அப்பா ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சொல்வார். ஹெதர் வாயைப் பிளந்து கேட்பாள், குறுக்குக் கேள்வி கேட்பாள். நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

அவர்கள் இருவருக்கும் உயிரான பாட்டு ஒன்று உண்டு. "சாட்டர்ன் பாட் எ ரிங், டா" என்று திரும்பத் திரும்பக் கத்தும் பல்லவி. சனி கிரகம் மோதிரம் வாங்கியது என்று பொருள், "டா" சும்மா தாளத்துக்கு. சனி கல்யாணத்துக்காக மோதிரம் வாங்கியது, மணப்பெண் வரவில்லை, அதனால் இடுப்பிலேயே மாட்டிக்கொண்டு சுற்றிக்கொண்டிருக்கிறது என்று ஹெதர் விளக்கம் சொன்னாள். அப்பா அதை மறுக்காமல் தலையாட்டினார். கார் எடுக்கும்போதே சனியைக் கூப்பிடுகிறார்கள், எப்படி விளங்கும் என்று அம்மாவுக்குத் தனிக் கவலை.

ஒருநாள் அந்தப் பாட்டுக்கு ஹெதர் டாஷ்போர்டில் பிசகாமல் தாளம் போட, அப்பா சிரித்துக்கொண்டே அவளை "கண்ணு" என்றார். எங்கள் வீட்டில் "கண்ணு" நான். நான் மட்டும்தான். நீச்சல் குளத்தில் அன்றைக்கு அவள் மூழ்கிப்போனால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

அந்த வருடம், தலை வழுக்கையான பிறகு மறுபடி சேர்ந்துகொண்ட டேம்ப் டவல்ஸ் ஒரு வேனில் அமெரிக்காவைச் சுற்றி வந்து, எங்கள் பக்கத்தில் ஒரு சின்ன ஹாலிலும் வாசிக்கப் போவதாகத் தெரிந்தது. அப்பா இரண்டு டிக்கெட் வாங்கினார். சாப்பிடும்போது "வர்றியா கண்ணு?" என்று என்னைத்தான் முதலில் கேட்டார். "ஐ டோன்ட் கேர்" என்றேன். இன்னொரு தடவை கேட்பார், அப்போது போனால் போகிறதென்று சம்மதிக்கலாம் என்று காத்திருந்தேன். அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை. ஹெதரைக் கூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை புது டி-ஷர்ட்டோடு ஹெதர் வந்து, ஹால் முழுக்கச் சனிப் பாட்டைக் கத்தியதையும், எங்கள் அப்பா மட்டும் கத்தாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு நின்றதையும் சொன்னாள். என் அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து நான் பார்த்ததில்லை. வயிற்றெரிச்சல் என்ற சொல்லைப் பெரியவர்கள் ஏன் அப்படி உண்டாக்கினார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி. அதற்கு ஹெதர் கிடையாது. முன் சீட் எனக்கு. அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டு அதில் ஏதாவது குற்றம் கண்டுபிடித்து அவள் மூஞ்சியில் எறிய வேண்டும் என்ற வெறியில் நானே கேசட்டை முதலிலிருந்து போட்டேன். பிஸ்கட் டின் தட்டும் சத்தம் வந்தது. வழக்கமாக அந்த இடத்திலேயே ஹெதர் கூடச் சேர்ந்து கத்த ஆரம்பித்துவிடுவாள். அன்று அவள் இல்லாததால் வேறொன்று கேட்டது. பாடகன் தொடங்குவதற்கு முன்னால், சுவருக்குப் பின்னாலிருந்து வருவதுபோல, மெலிந்த இளங்குரல் ஒன்று ஒரே ஒருமுறை கத்துகிறது. கடைசி எழுத்து ரப்பர்போல நீள்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் பாடகன் பாடவே ஆரம்பிக்கிறான்.

சத்தம் போடாதீங்கடா.

"அப்பா, தட்ஸ் யூ" என்றேன்.

அப்பா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காது மட்டும் சிவந்தது. சிக்னலில் வண்டி நின்றபோது மெல்லச் சொன்னார். அவர் மாடி அறையில் வாடகைக்கு இருந்தார், கீழ்த்தளத்தில் இந்தப் பையன்கள். பரீட்சை நேரம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கோபத்துக்கு இங்கிலீஷ் வராமல், படிக்கட்டில் நின்று தமிழிலேயே கத்திவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கீழே டேப் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தப் பையன்கள் காதில் அது "சாட்டர்ன் பாட் எ ரிங், டா" என்று விழுந்திருக்கிறது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லி அவர்கள் மேலே ஓடி வந்தபோது, அடிக்கத்தான் வருகிறார்கள் என்று பயந்து அப்பா தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டார். அவர்களோடு அவருக்கு இருந்த பழக்கம் அவ்வளவே.

ஹெதருக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"அவளுக்கு எப்படிக் கண்ணு தெரியும்? உனக்குக் கேக்கும்னுதான் வாராவாரம் போட்டுட்டே இருந்தேன். நீ காதப் பொத்திட்டு உக்காந்திருந்தே."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ஹெதரிடம் சொல்லப் போவதாக, சீட்டிலேயே குதித்துக்கொண்டு, கூவினேன். அப்பா உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதடா. அந்தப் புள்ளைக்கு அது சனியோட மோதிரம். அத ஏன் நீ புடுங்கறே?"

சரி என்றேன். அவர் ஹெதருக்காகச் சொன்னார். நான் எனக்காக ஒப்புக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை அவள் முன் சீட்டில் ஏறிக் கத்தியபோது, பின் சீட்டில் காதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கண்ணாடி வழியாக அப்பா என்னைப் பார்த்தார். தமிழ்ப் பள்ளிக்கும் அதன் பிறகு முரண்டு பிடிக்காமல் போனேன். ஹெதருக்கு வராத மொழி ஒன்று என்னிடம் இருந்தது என்பதே போதுமான காரணமாக இருந்தது.

இப்போது அந்தக் கார் இல்லை, கேசட் சிக்கி நாடா நாடாவாகப் போனது. டேம்ப் டவல்ஸ் அந்தப் பயணத்தோடு மறுபடி பிரிந்துவிட்டது. அப்பா இப்போது நான் குடியிருக்கும் பிளானோ என்ற ஊரில் என்னோடு இருக்கிறார். தொண்டையில் செய்த ஆபரேஷனுக்குப் பிறகு குரல் இல்லை. வேண்டுமென்றால் மேஜையைத் தட்டுவார். என் பிள்ளைகள் எவ்வளவு கத்தினாலும் மாடியிலிருந்து எதுவும் இறங்கி வருவதில்லை. நான்தான் எப்போதாவது போனில் அந்தப் பாட்டின் தொடக்கத்தை மட்டும் போட்டுக் கேட்டுவிட்டு நிறுத்துவேன். இணையத்தில் அந்தப் பாட்டின் கீழே முன்பின் தெரியாதவர்கள் சனியைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறார்கள். என் அப்பாவின் குரலை இத்தனை பேர் வைத்திருக்கிறார்களே என்று இருக்கும்.

போன மாதம் ஹெதர் எழுதியிருந்தாள். தன் மகளுக்குச் சனிப் பாட்டைப் போட்டுக் காட்டினாளாம். உன் அப்பா பேசுவதை யாராவது அப்போதே பதிவு செய்து வைத்திருக்கக் கூடாதா, இப்போது கேட்க ஆசையாக இருக்கிறது என்று முடித்திருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படித்த அப்பா என்னைப் பார்த்தார். இந்தத் தடவை உதட்டில் விரலை வைக்கவில்லை. சொல்லிவிடு என்பதுபோல மேஜையை இரண்டு தட்டு தட்டினார்.

நான் சொல்லவில்லை. எல்லோரும் நலம் என்று மட்டும் பதில் போட்டேன். இங்கே இவ்வளவு எழுதுவதும், இது தமிழ் என்ற தைரியத்தில்தான். ஹெதருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.