கோல் கம்பத்தடியில் கண்ட பூசை

எங்கள் பக்கத்தில் பூசைக்குப் போவதென்று பெரும்பாலும் ஒருவரும் சொல்வதில்லை. பூசை காண்பதென்றுதான் சொல்வோம். "பூசை கண்டிட்டியளோ?" என்ற கேள்வி ஞாயிற்றுக்கிழமை முழுவதும் குருநகர்த் தெருக்களில் காதில் விழும். ஞானப்பாட வகுப்பில் நாங்கள் மனப்பாடம் செய்த திருச்சபைக் கட்டளையிலும் அப்படித்தான் இருந்தது. ஞாயிறுதோறும் முழுப்பூசை காண வேண்டும். கோயிலுக்குள் போக வேண்டும் என்றோ, வாங்குப் பலகையில் இருக்க வேண்டும் என்றோ அதில் இல்லை. அந்தக் கட்டளையை நான் எத்தனையோ தரம் ஒப்புவித்திருக்கிறேன். ஆனால் அதில் இப்படியொரு வசதி இருப்பது, உதைபந்தாட்ட இறுதிப் போட்டியை ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வைத்தபோதுதான் என் கண்ணில் பட்டது.

அப்போது ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடப் பெண்கள் அணியில் நான்தான் கோல் காப்பவள். உயரம் இருந்தது, ஓட்டம் இல்லை. அதனால் விளையாட்டு ரீச்சர் என்னைக் கம்பங்களுக்கு நடுவே நிறுத்திவிட்டார். நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பது எனக்கு நன்றாக வரும் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். இறுதிப் போட்டி வல்வெட்டித்துறைப் பிள்ளைகளோடு. வென்றால் வவுனியாவில் மாகாணப் போட்டி. நான் அதுவரை ஆனையிறவைத் தாண்டியவள் இல்லை. கிண்ணத்தைவிட அந்தப் பேருந்துப் பயணத்தைத்தான் நான் அதிகம் விரும்பினேன் என்பதை ரீச்சரிடம் சொல்லவில்லை.

ஏன் ஞாயிற்றுக்கிழமை காலை என்று கேட்டேன். சனிக்கிழமை எல்லாப் பிள்ளைகளுக்கும் ரியூசன், பின்னேரங்களில் மைதானம் பெரிய பெடியன்களுக்கு, வல்வெட்டித்துறைக்காரருக்கு வாடகை வான் கிடைப்பதும் அன்றைக்குத்தான் என்றார் ரீச்சர். மூன்றும் நியாயமான காரணங்கள். ஆனால் எங்கள் கோயிலிலும் ஞாயிறு காலை ஏழு மணிக்குத்தான் பூசை. நான் இரண்டு நியாயத்துக்கும் நடுவில் நின்றேன்.

அம்மாவிடம் சொன்னபோது அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"பூசையை விட்டிட்டுப் பந்தோ? கதைக்காதை."

சனிக்கிழமை பின்னேரம் பெரிய கோயிலில் பூசை இருக்கிறதே என்றேன். சனிக்கிழமை சனிக்கிழமைதான், அதை ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் எழுதேலாது என்றார். ஞாயிறு பின்னேரப் பூசையாவது காணட்டுமா என்றேன். அது காலமை நித்திரை கொண்டவைக்கு வைக்கிற பூசை என்று முடித்துவிட்டார். அம்மாவுடன் இந்த விஷயங்களில் வாதாடி வென்றவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. கோயிலில் எங்கள் வீட்டுக்கென்று ஒரு வாங்கு இருப்பதாகவே அவர் நினைத்திருந்தார். பெண்கள் பக்கத்தில் முன்னாலிருந்து இரண்டாவது வாங்கு. அதில் வேறு யாராவது இருந்தால் அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். அவர்கள் எழும்பும்வரை பக்கத்தில் நிற்பார்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்தச் சொல் நினைவுக்கு வந்தது. காண வேண்டும். எங்கிருந்து காண வேண்டும்?

மைதானம் கோயில் மதிலுக்கு அடுத்த பக்கம். மதில் என் இடுப்பளவுதான். கோயில் பக்கமாக இருக்கும் கோல் கம்பத்தடியில் நின்றால், பீடத்துக்கு அருகே திறந்திருக்கும் பெரிய கதவு நேரே தெரியும். பீடம் தெரியுமா என்பதுதான் கேள்வி. வெள்ளிக்கிழமை பின்னேரம் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனேன். வீட்டிலிருந்து ஒரு பொரித்த அப்பளம் எடுத்து அவன் கையில் கொடுத்து, பீடத்தின் கீழ்ப்படியில் நின்று, சுவாமியார் அப்பத்தை உயர்த்துகிற மாதிரி உயர்த்திப் பிடிக்கச் சொன்னேன். நான் ஓடிப்போய்க் கம்பங்களுக்கு நடுவே நின்று பார்த்தேன். தம்பி தெரிந்தான். கை தெரிந்தது. அப்பளம் தெரிந்தது. சற்று நேரத்தில் அது பாதி அப்பளமாகத் தெரிந்தது. அவன் கடித்ததுகூடத் தெரிகிறதென்றால் இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

தம்பியைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு வெளியே வரும்போது சுவாமியார் எதிர்ப்பட்டார். விடுவானேன் என்று கேட்டுவிட்டேன்.

"பாதர், கோல் கம்பத்தடியிலை நிண்டு பூசை கண்டால், கண்டதாகுமோ?"

சுவாமியார் மைதானத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். தம்பியின் வாயோரத்தில் ஒட்டியிருந்த அப்பளத் தூளைப் பார்த்தார். பிறகு, "அம்மா என்ன சொல்லுறா?" என்று கேட்டார். அம்மாவுக்கு அவரும் கொஞ்சம் பயம் என்று எனக்கு விளங்கியது.

அன்றிரவு சாப்பிடும்போது வழக்கை எடுத்தேன். கட்டளையைச் சொன்னேன், காண வேண்டும் என்ற சொல்லைச் சொன்னேன், கதவு நேரே தெரிவதைச் சொன்னேன். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே, மைதானத்தில் நிற்பது கோயிலுக்கு வெளியே நிற்பது என்றார். அப்போது என் வாயில் அது வந்துவிட்டது.

"அப்பாவும் வெளியிலைதானே நிக்கிறவர்."

உண்மைதான். எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் பூசை நேரம் கோயில் முற்றத்து வேப்பமரத்தடியில்தான் நிற்பார்கள். கடலுக்குப் போகாத ஒரே காலை அது. காற்று, கண்ணி, மீன் விலை எல்லாம் அங்கே மெல்லிய குரலில் கதைக்கப்படும். மணி அடித்தால் எல்லோரும் அந்த மண்ணிலேயே முழந்தாளிடுவார்கள். பிறகு எழும்பி மீன் விலையை விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள். அந்த மரத்துக்கும் கோல் கம்பத்துக்கும் இடையில் மதில் ஒன்றுதான்.

"என்னை ஏன் பிள்ளை உதுக்குள்ளை இழுக்கிறாய்?" என்றார் அப்பா.

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்படிப் பார்த்தால் அப்பா தண்ணீர் குடிப்பார். குடித்தார். கடைசியில் தீர்ப்பு வந்தது. இந்த ஞாயிறு தொடக்கம் அப்பா உள்ளே வாங்கில் இருக்க வேண்டும். நான் ஒரே ஒரு தரம், இந்த ஒரு தரம் மட்டும், கம்பத்தடியில் நிற்கலாம்.

"ஆனால் எழுந்தேற்ற மணி கேட்டால் முழந்தாளிலை நிக்க வேணும். பந்து வந்தாலும் சரி, பூதம் வந்தாலும் சரி. செய்வியோ?"

"ஓம்" என்றேன். எழுந்தேற்றம் என்பது பூசையின் நடுவில் சுவாமியார் அப்பத்தை உயர்த்தும் நேரம். மணி அடிக்கும், எல்லோரும் முழந்தாளிட்டுத் தலையைக் குனிவார்கள். அது எவ்வளவு நேரம்? ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. அதற்குள் யார் கோல் அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அப்பா மட்டும் அதன்பிறகு என்னோடு இரண்டு நாள் சரியாகக் கதைக்கவில்லை. அவர் வேப்பமரத்தடியில் நின்று என் ஆட்டத்தைப் பார்க்கக் கணக்குப் போட்டிருந்தார் என்று பின்னால்தான் அறிந்தேன்.

ஒரு சிக்கலை நான் சனிக்கிழமை படுக்கையில் கிடந்துதான் யோசித்தேன். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறுவார்கள். ஒரு பாதி ஆட்டத்தில் எனக்குப் பீடமே தெரியாது. கட்டளையோ முழுப்பூசை என்கிறது. நெடுநேரம் யோசித்து ஒரு வழி கண்டேன். முதல் பாதியில் வாசகமும் பிரசங்கமும். அவை கேட்கிற சாமான்கள், ஒலிபெருக்கி இருக்கிறது. இரண்டாம் பாதியில்தான் காண்கிற சாமான். ஆகவே கோயில் பக்கத்துக் கோல் எனக்கு இரண்டாம் பாதியில் கிடைக்க வேண்டும். இதைக் காலையில் எங்கள் அணித்தலைவியிடம் சொன்னேன். அவளும் எங்கள் தெருதான். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக் கோலைத் தெரிவு செய்ய வேண்டிய இடத்தில் அவள் எழுந்தேற்றத்தைப் பார்த்துத் தெரிவு செய்யத் தயாரானாள். ஆனால் நாணயச் சுண்டலில் வென்றது வல்வெட்டித்துறை. அவர்கள் கோயிலின் நிழல் விழுகிற பக்கத்தை முதலில் எடுத்துக்கொண்டார்கள். கேட்காமலே எங்களுக்கு வேண்டியது கிடைத்தது. அதை நான் ஒரு நல்ல சகுனமாக எடுத்தேன்.

முதல் பாதியில் யாரும் கோல் அடிக்கவில்லை. தூரத்துக் கோலில் நின்றபடி பிரசங்கத்தை நன்றாகவே கேட்டேன். இரண்டாம் பாதியில் கோயில் பக்கம் வந்தேன். பந்து மறுபக்கம் போகும்போதெல்லாம் திரும்பிப் பீடத்தைப் பார்ப்பேன். சுவாமியார் தெரிந்தார். வாங்கில் அப்பாவின் கழுத்து தெரிந்தது, அதில் சந்தோஷம் இல்லை. அம்மாவை எங்கள் வாங்கில் காணவில்லை. சற்றுத் தேடியபோது, பீடத்தருகே அந்தக் கதவோரத்தில், பாடகர்களுக்குப் பின்னால் இருந்த ஒரு தனிக் கதிரையில் இருந்தார். வெக்கையாக்கும் என்று நினைத்தேன்.

பிறகு வல்வெட்டித்துறை அணியில் இடதுகாலால் அடிக்கிற ஒருத்தி பந்தை எடுத்துக்கொண்டு வந்தாள். கெட்டிக்காரி. எங்கள் பின்வரிசைப் பிள்ளைகள் நால்வரும் அவளை மறித்துக்கொண்டார்கள். போக வழியே இல்லை. அப்போது மணி அடித்தது.

நான் முழந்தாளிட்டேன். வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் எனக்கு முன்னால் நின்ற நால்வரும் ஒருவருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அவர்களும் பொத்தென்று முழந்தாளில் விழுந்தார்கள். பிறந்தது முதல் அந்த மணிக்கு மடங்கிப் பழகிய கால்கள். நடுவர்கூட விசிலை வாயில் வைத்தபடி நெற்றியில் சிலுவை போட்டார். எங்கள் அணியில் நின்றுகொண்டிருந்தவள் ஒருத்திதான். உடுப்பிட்டியிலிருந்து வந்து எங்களோடு படித்தவள், சைவப் பிள்ளை. அவள் தூரத்தில் நின்று கத்தினாள்.

"எழும்புங்கோடி, எழும்புங்கோ."

இடதுகால்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஐந்து பேர் தன் முன்னே முழந்தாளில் நிற்பதைப் பார்த்து ஒருகணம் தயங்கினாள். பிறகு, பாவம் அவள் என்ன செய்வாள், பந்தை மெல்லத் தட்டினாள். அது என் தோளருகே உருண்டு உள்ளே போனது. தலையைக் குனிந்திருந்ததால் அதை நான் புல்லில் உரசிய சத்தமாக மட்டும்தான் கேட்டேன்.

"ஏனடி இருந்திட்டியள், காலிலை முள்ளோ?" என்று அவள் என்னிடம் குனிந்து கேட்டாள். பிறகு திறந்த கதவைக் கண்டாள். தானும் கையைக் கூப்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் தன் ஆட்களிடம் ஓடினாள்.

ரீச்சர் மைதானத்துக்குள் வந்து நடுவரோடு வாதாடினார். நீங்களே சிலுவை போட்டனீங்கள், அந்த நேரம் ஆட்டம் நடந்ததெண்டு எப்பிடிச் சொல்லுவியள் என்று கேட்டார். நடுவர் தலையைச் சொறிந்தார். "நான் விசில் ஊதேல்லையே ரீச்சர்" என்றார். அந்த ஒரு கோலோடு தோற்றோம். வவுனியா போயிற்று, ஆனையிறவு போயிற்று. கம்பத்தடியிலேயே இருந்து நன்றாக அழுதேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்படியில் நின்றார். முழுப்பூசையும் கண்டேன், மணிக்கு முழந்தாளிட்டேன் என்று சொன்னேன். புகழுவார், குறைந்தது தலையைத் தடவுவார் என்று எதிர்பார்த்தேன். அம்மா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"பந்து அவளின்ரை காலிலை கிடக்கேக்கை உனக்கென்ன அவசரம்? அவள் அடிச்ச பிறகு முழந்தாளிலை நிண்டிருக்கலாமெல்லே. ஒரு கையை எண்டாலும் நீட்டியிருக்கலாம், உருண்டுதானே வந்தது."

"நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றேன். அழுகை மறுபடியும் வந்தது.

அம்மா திரும்பவும் கரண்டியை எடுத்தார். பொரித்த மீனில் நடுத்துண்டை, அப்பாவுக்கு வைக்கும் துண்டை, என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை எல்லோரும் பாவசங்கீர்த்தனத்துக்கு, செய்த பாவங்களைச் சுவாமியாரிடம் தனித்தனியே சொல்லி மன்னிப்புக் கேட்க, போனோம். வழக்கமாக அம்மாவின் முறை சட்டென்று முடிந்துவிடும். அன்றைக்கு நீண்டுகொண்டே போனது. ஒரு கட்டத்தில் சுவாமியார் இருமுகிற சத்தம் கேட்டது. இருமல் போலத் தொடங்கினாலும் அது சிரிப்புத்தான், எனக்கு நன்றாகத் தெரியும். அம்மா வெளியே வந்து எங்கள் இரண்டாவது வாங்கில் முழந்தாளிட்டு, பாவத்துக்குத் தீர்வையாகச் சுவாமியார் கொடுத்த செபங்களை முகத்தை மூடிக்கொண்டு சொன்னார். அதுவும் நீண்டது.

பொய் சொல்லாத, பூசை தவறாத அம்மாவிடம் அப்படி என்ன பாவம் இருந்திருக்கும், அதுவும் ஒரு சுவாமியாருக்குச் சிரிப்பு வருகிற பாவம்? எனக்கு அறிய ஆசை தாங்க முடியவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது அப்பாவிடம் மெல்லக் கேட்டேன்.

"அதை உன்னட்டைத்தான் கேக்க வேணும்" என்றார் அப்பா.

என்னிடம் கேட்க என்ன இருக்கிறது? நான் முழந்தாளில் நின்றவள், தலையைக் குனிந்தவள், பந்து உள்ளே போனதைக்கூடக் காணாதவள். அது உருண்டு போனதென்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.